முன்பல் ஒன்றுக்கு எவ்வளவு? மொன்றியலில் பல் அழகுச் சிகிச்சையின் செலவுக் கணக்கு

மேல்வரிசையின் வலப்பக்க முன்பல்லுக்குப் பல் வைத்தியர்கள் எழுதும் எண் 11. அதை ஒட்டி இடப்பக்கம் இருப்பது 21. மொன்றியலிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே எண்கள்தான். ஆனால் அந்த 11 ஆம் பல்லுக்கு ஒரு வெனியர் (பல்லின் முன்பக்கத்தை மூடும் மெல்லிய ஓடு) ஒட்ட மொன்றியல் நகர மையத்தில் கேட்கும் தொகை ஒன்று, லவாலில் கேட்கும் தொகை இன்னொன்று. சென்னையில் சொல்வதைக் கேட்டால் இரண்டையும் மறந்துவிடத் தோன்றும்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் பலர், அதிகம் கேட்பவர் கொள்ளையடிக்கிறார் என்றோ, குறைவாகக் கேட்பவர் தரமில்லாதவர் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்தபின் முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், பல்லும் மிஞ்சும். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பெரியவர்களையும், வேலை நேர்முகத்தில் சிரிக்கத் தயங்கும் இளையவர்களையும் நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் முன்பல்லைச் சீராக்க விரும்புவது வீண் ஆசை அல்ல. அதனால்தான் இந்தக் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

கியூபெக்கில் தனியார் கிளினிக்கின் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. பல் வைத்தியர்களின் சங்கமான ஏசிடிகியூ ஒரு கட்டண வழிகாட்டியை வெளியிடுகிறது. அது பரிந்துரை மட்டுமே. ஒவ்வொரு வைத்தியரும் அதைவிடக் கூட்டியும் வாங்கலாம், குறைத்தும் வாங்கலாம். தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு வேறு. அது கியூபெக் பல் வைத்தியர் ஒழுங்குசபை. அதன் ஒழுக்கநெறிப்படி கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

இப்படியான வழிகாட்டி மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. ஒன்ராறியோவுக்கு அதன் சங்கம் போடுகிறது. அல்பேர்ட்டாவில் 1997 இல் கைவிட்ட வழிகாட்டியை 2018 இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தந்த மாகாண வழிகாட்டியை வைத்தே பணம் திருப்பிக் கொடுக்கின்றன. உங்கள் வைத்தியர் அதைவிடக் கூடுதலாக வாங்கினால் மிச்சம் உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும்.

எந்த வேலைக்கு எவ்வளவு?

மொன்றியலில் இப்போது புழங்கும் தொகைகள் சுமாராக இப்படி இருக்கின்றன. கிளினிக்கில் இருந்து பல் வெண்மையாக்க 400 முதல் 800 டொலர். வீட்டில் போட்டுக்கொள்ளும் தட்டும் ஜெல்லும் 250 முதல் 500. உடைந்த மூலையைக் கொம்பசிட் பசையால் கட்டி எழுப்பப் பல் ஒன்றுக்கு 250 முதல் 600. பீங்கான் வெனியர் 1,000 முதல் 2,000. முழுப் பல்லையும் மூடும் கிரவுன் 1,200 முதல் 1,800. விழுந்த பல்லின் இடத்தில் தாடை எலும்பில் இம்பிளான்ட் பதித்து மேலே கிரவுன் வைக்க 3,500 முதல் 6,000. நிழலும் மெருகும் பார்த்துப் பார்த்துச் செய்யும் இடங்களில் இவற்றையும் தாண்டும்.

விலை ஏறும் வரிசையும் பல்லிலிருந்து திரும்ப முடியாதபடி எதையாவது எடுக்கும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. வெண்மையாக்கும்போது பல் அப்படியே இருக்கும். கொம்பசிட்டுக்குப் பெரும்பாலும் எதையும் ராவ வேண்டியதில்லை. வெனியருக்குப் பல்லின் மேற்படையான எனாமலில் அரை மில்லிமீற்றர் அளவு ராவ வேண்டும். கிரவுனுக்குப் பல்லைச் சுற்றிவர ராவுவார்கள். எனாமல் திரும்ப வளராது. வெனியர் பத்துப் பதினைந்து வருடம் நன்றாக உழைக்கும். பிறகு மாற்ற வேண்டி வரும். அதனால் 30 வயதில் போடும் வெனியருக்கு வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் காசு கட்டத் தயாராக இருக்க வேண்டும். இன்று சொல்லும் விலை முதல் தவணை மட்டுமே.

நிறம் எதனால் வந்தது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். தேநீர், கோப்பி, வெற்றிலைக் கறை பல்லின் மேற்பரப்பில் இருந்தால் சாதாரணச் சுத்திகரிப்பே பாதிக்கு மேல் எடுத்துவிடும். இலங்கையின் வறண்ட வலயத்திலும் தமிழ்நாட்டின் தருமபுரி போன்ற பகுதிகளிலும் சிறுவயதில் புளோரைட் கூடிய கிணற்றுநீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புப் புள்ளியும் இருக்கும். அது எனாமலுக்குள் ஊறிய நிறம். அதற்கு வெண்மையாக்கும் ஜெல் மட்டும் போதாமல் போகலாம். இதைச் சோதித்துச் சொல்லாமல் நேரே வெனியர் பக்கம் தள்ளுபவரிடம் நிதானமாக இருங்கள்.

இன்னொன்று: ஜெல் இயற்கைப் பல்லைத்தான் வெளுக்கும். ஏற்கெனவே உள்ள கிரவுனும் கொம்பசிட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். ஆகவே வெண்மையாக்குவதை முதலில் முடித்து, நிறம் நிலைக்கச் சுமார் இரண்டு வாரம் விட்டு, அதற்குப் பிறகு கொம்பசிட்டோ கிரவுனோ செய்ய வேண்டும். வரிசை மாறினால் அதே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க நேரும்.

ஒரே நகரத்துக்குள் ஏன் இந்த வித்தியாசம்?

கனடாவின் பல் காப்புறுதிப் படிவத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். திகதி, சிகிச்சைக் குறியீடு, பல்லின் எண் எல்லாம் தாண்டியபின் பணத்துக்கு மூன்று நிரல்கள் இருக்கும்: வைத்தியரின் கட்டணம், ஆய்வுகூடச் செலவு, மொத்தம். கியூபெக் தாள்களில் முதலாவது "ஓனொரேர்" என்றும் இரண்டாவது "ஃப்ரே டு லபொரத்துவார்" என்றும் பிரெஞ்சில் இருக்கும். இடத்துக்கு இடம் விலை மாறும் மர்மத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு நிரல்களுக்குள் இருக்கிறது.

கிரவுனையும் வெனியரையும் பல் வைத்தியர் பொதுவாகத் தன் கையால் செய்வதில்லை. அச்செடுத்தோ ஸ்கான் செய்தோ ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு பற்தொழில்நுட்பவியலாளர் பக்கத்துப் பல்லின் நிழலையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் பார்த்துப் பீங்கானை அடுக்கடுக்காகச் சுடலாம். அல்லது இயந்திரம் ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுக்கலாம். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டாவது போதும். முன்பல் ஒன்றை மட்டும் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகச் செய்வதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலைகளில் ஒன்று. அதற்கு ஆய்வுகூடம் கூடுதலாகவே வாங்கும். ஆகவே இரண்டு கிளினிக்குகளில் "கிரவுன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு ஒப்பிட்டால் பயனில்லை. எந்தப் பொருள், எந்த வகை வேலை, ஆய்வுகூடச் செலவு உட்பட்டதா என்று கேட்டால்தான் ஒரே பொருளை ஒப்பிடுகிறீர்கள்.

வைத்தியரின் கட்டண நிரலில் இடத்தின் தாக்கம் நேராகத் தெரியும். ஷேர்புரூக் வீதி மேற்கிலும் வெஸ்ட்மவுண்டிலும் கட்டட வாடகை ஒரு மாதிரி. கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன், லசால், லவால் பக்கம் வேறு மாதிரி. உதவியாளர் சம்பளம், இயந்திரக் கடன், ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். வாடகை கூடிய தெருவில் இருப்பதால் மட்டும் கை தேர்ந்தவர் என்று பொருள் இல்லை. அதேபோல, கோட்-டெ-நேஜில் சாதாரணக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரின் திறமை குறைந்துவிடாது.

பெயர்ப்பலகையையும் கவனிக்க வேண்டும். "அழகுப் பல் வைத்தியம்" என்பது கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத்துறை அல்ல. எந்தப் பொதுப் பல் வைத்தியரும் அந்த வேலைகளைச் செய்யலாம். பல் வரிசையைச் சீராக்குவது, கிரவுன் முதலான செயற்கைப் பல் வேலை போன்றவையே தனிப் பயிற்சியோடு அங்கீகாரம் பெற்ற சிறப்புத்துறைகள். ஒருவர் சிறப்பு வைத்தியரா என்பதை ஒழுங்குசபையின் பதிவேட்டில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தேவைக்கா, அழகுக்கா?

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். மொன்றியலில் உங்கள் பில்லை எந்தத் தெரு என்பதைவிட அதிகமாக மாற்றுவது, அந்த வேலை சிகிச்சைத் தேவைக்கா அல்லது முழுக்க அழகுக்கா என்ற பிரிவு.

பல் சிகிச்சைக்குப் பொதுவாக விற்பனை வரி இல்லை. ஆனால் 2010 மார்ச் மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகு, முழுக்க அழகுக்காகச் செய்யும் வேலைக்கு வரி உண்டு. கியூபெக்கில் மத்திய வரி 5 வீதமும் மாகாண வரி 9.975 வீதமும் சேர்ந்து 14.975 வீதம். 600 டொலருக்குப் பல் வெண்மையாக்கினால் வரியோடு 689 டொலர் 85 சதம் கட்டுவீர்கள். ஒன்ராறியோவில் 13 வீத வரியோடு அது 678. மாகாண வரி இல்லாத அல்பேர்ட்டாவில் 630. ஒரே ஜெல், ஒரே வேலை, வரியில் மட்டுமே 60 டொலர் வித்தியாசம்.

வருமான வரியிலும் இதே பிரிவுதான். மருத்துவச் செலவுக்கான வரிக்கழிவில் கிரவுனையும் பொய்ப்பல்லையும் சூத்தைப் பல் சிகிச்சையையும் காட்டலாம். முழுக்க அழகுக்கான வேலையைக் காட்ட முடியாது. பல் வெண்மையாக்குதல் அதில் அடங்கும். ஆனால் விபத்தில் உடைந்த பல், பிறவிக் குறைபாடு, நோயால் வந்த சிதைவு ஆகியவற்றைச் சீராக்குவது அழகு வேலையாகக் கருதப்படாது. பனியில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்தவருக்குப் போடும் கிரவுனும், நிறம் பிடிக்கவில்லை என்று போடும் கிரவுனும் பார்வைக்கு ஒன்றுதான். வரித்துறைக்கு இரண்டும் வேறு. ஆகவே காரணத்தை வைத்தியர் உங்கள் கோப்பில் உள்ளபடி எழுதியிருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். இல்லாத காரணத்தை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், அது மோசடி.

யார் பணம் கட்டுவார்கள்?

1984 இன் கனடா சுகாதாரச் சட்டம், வைத்தியசாலைக்குள் செய்தே ஆக வேண்டிய பல் அறுவைச் சிகிச்சையை மட்டுமே பொதுக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. கியூபெக்கின் ரம்கியூ மருத்துவ அட்டை 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பரிசோதனை, பல் அடைத்தல், பல் பிடுங்குதல் போன்றவற்றைக் கொடுக்கிறது. அரச உதவிப் பணத்தில் இருப்பவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. மற்றப் பெரியவர்களுக்கு நீண்டகாலம் எதுவும் இருக்கவில்லை.

அந்த இடைவெளியைக் குறைக்க வந்ததுதான் மத்திய அரசின் கனடாப் பல் பராமரிப்புத் திட்டம். 2024 மே மாதம் முதியவர்களோடு சேவை தொடங்கியது. 2025 இல் எல்லா வயதினருக்கும் திறக்கப்பட்டது. குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும், தனியார் பல் காப்புறுதி கிடைக்காதவராக இருக்க வேண்டும், வருமான வரிப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். வருமானம் 70,000 க்குக் கீழே என்றால் திட்டம் தன் கட்டண அளவில் முழுத் தொகையையும் ஏற்கும். 70,000 முதல் 79,999 வரை 40 வீதமும், அதற்கு மேல் 89,999 வரை 60 வீதமும் நீங்கள் கட்ட வேண்டும்.

இங்கும் அதே பிரிவு வருகிறது. சுத்திகரிப்பு, பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பொய்ப்பல் உண்டு. கிரவுனுக்கு முன் அனுமதி வேண்டும். வெண்மையாக்குதல், வெனியர், இம்பிளான்ட் கிடையாது. திட்டத்தின் கட்டணத்தைவிட உங்கள் வைத்தியரின் கட்டணம் கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை உங்களிடம் வாங்கலாம் என்பதையும் கவனியுங்கள். "திட்டம் ஏற்றது போக நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கதிரையில் சாயமுன் கேளுங்கள்.

வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் ஆண்டு உச்சவரம்பைப் பாருங்கள். பல திட்டங்களில் கிரவுனுக்குப் பாதிதான் திரும்பி வரும். சிலவற்றில் மலிவான மாற்றுச் சிகிச்சையின் அளவுக்கு மட்டும் பணம் தரும் விதி இருக்கும். நீங்கள் இம்பிளான்ட் போட்டாலும் கழற்றி மாட்டும் பல்லுக்குரிய தொகைதான் வரும். பெரிய வேலையை டிசம்பருக்கும் ஜனவரிக்குமாகப் பிரித்தால் இரண்டு ஆண்டுகளின் வரம்பையும் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

குறைந்த செலவில் செய்யக்கூடிய இடங்கள்

மொன்றியலுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒரே நகரத்தில் இரண்டு பல்கலைக்கழகப் பல் வைத்திய பீடங்கள். மக்கில் பல்கலைக்கழகமும் மொன்றியல் பல்கலைக்கழகமும் நடத்தும் கிளினிக்குகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் தனியார் கிளினிக்கைவிட நன்றாகக் குறைவு. ஒவ்வொரு கட்டத்தையும் மேற்பார்வையாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அடுத்த கட்டம் என்பதால் ஒரு கிரவுனுக்குப் பல தடவை போய் நீண்ட நேரம் இருக்க வேண்டும். பகல் நேரம் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்றவர்களுக்கும் மாணவர்களுக்கும் இது மிகப் பொருத்தம்.

2020 இல் சட்டம் மாறியபின் கியூபெக்கில் பல் சுகாதார நிபுணர்கள் வைத்தியரின் மேற்பார்வை இல்லாமலே தனியாகத் தொழில் செய்யலாம். கறை நீக்கும் சுத்திகரிப்பு மட்டும் போதும் என்பவர்கள் அவர்களிடம் விசாரிக்கலாம். கழற்றி மாட்டும் பொய்ப்பல் தேவைப்பட்டால் டென்சரொலொஜிஸ்ட் எனப்படும் பல்கட்டு நிபுணரிடம் நேரே போகலாம். அவர்களுக்கும் தனி ஒழுங்குசபை உண்டு.

ஊருக்குப் போய்ச் செய்தால்?

நம் குடும்பங்களில் இது எப்போதும் வரும் பேச்சு. மொன்றியலில் ஒரு கிரவுன் 1,500 டொலர், சென்னையில் 15,000 ரூபா, அதாவது சுமார் 250 டொலர் என்று வைத்துக்கொள்வோம். விமானச் சீட்டு 2,000. ஒரு பல்லுக்காகப் போனால் நட்டம். எட்டுப் பல்லுக்கு இங்கே 12,000, அங்கே சீட்டோடு 4,000. கணக்கு ஊர்ப்பக்கம் சாய்கிறது. அங்கே வாடகையும் சம்பளமும் ஆய்வுகூடக் கூலியும் குறைவு. விலைக்குறைவுக்கு முக்கிய காரணம் அதுதான். பீங்கான் கட்டியும் இம்பிளான்ட்டும் பல இடங்களில் இங்கே வாங்கும் அதே வெளிநாட்டு நிறுவனங்களின் பொருள்களே. சென்னையில் கைதேர்ந்த பல் வைத்தியர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஆபத்து விலையில் இல்லை, நாட்களில் இருக்கிறது. கலியாணத்துக்கென்று மூன்று வாரம் போகிறவர் அதற்குள் வேலையை முடிக்கச் சொல்கிறார். இம்பிளான்ட் தாடை எலும்போடு ஒட்டப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அவசரத்தில் அதன்மேல் நிரந்தரப் பல்லை ஏற்றினால் ஆட்டம் காணலாம். எட்டுப் பல்லை ஒரே வாரத்தில் ராவிக் கிரவுன் போட்டபின், கடி உயரமாக இருக்கிறதா, ஏதாவது நரம்பு வலிக்கிறதா, முரசு வீங்குகிறதா என்பதெல்லாம் மொன்றியலுக்குத் திரும்பியபின்தான் தெரியவரும். வேறொருவர் செய்த வேலையைத் திருத்த இங்குள்ள வைத்தியர் தயங்கலாம். ஏற்றுக்கொண்டால் இங்குள்ள விலையைத்தான் வாங்குவார். இரண்டு கிரவுனை இங்கே மாற்றினால் மிச்சம் பிடித்ததில் 3,000 டொலர் போய்விடும்.

இருந்தும் போவதென்று முடிவெடுத்தால் சிலவற்றைச் செய்யுங்கள். இங்கேயே முழு வாய்ப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் எடுத்துப் பிரதியைக் கொண்டுபோங்கள். இம்பிளான்ட் வேலையை இரண்டு பயணமாகப் பிரியுங்கள். இம்பிளான்ட்டின் நிறுவனம், மாதிரி, அளவு, தொகுதி எண் எல்லாம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பிறகு ஒரு சிறு திருகைக்கூட இங்கே மாற்றுவது சிரமம். பெயர், திகதி, பல் எண் எழுதிய பற்றுச்சீட்டையும் வாங்குங்கள். அந்த நாட்டுச் சட்டப்படி தகுதி பெற்ற வைத்தியர் செய்த, அழகுக்கு மட்டுமல்லாத சிகிச்சையைக் கனடா வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒப்புக்கொள்ளமுன் கேட்க வேண்டியவை

எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பல் எண்வாரியாக, வைத்தியர் கட்டணம் வேறு, ஆய்வுகூடச் செலவு வேறு, வரி வேறாக இருக்கட்டும். அதே தாளை இன்னொரு கிளினிக்கிலும் காட்டி இரண்டாம் கருத்துக் கேளுங்கள். என்ன பொருள், எங்கே செய்யப்படுகிறது, உடைந்தால் எத்தனை வருடத்துக்குள் யார் பொறுப்பு என்று கேளுங்கள். இதைவிடக் குறைவாகப் பல்லை ராவும் வழி உண்டா என்றும் கேளுங்கள். பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாக வராத பெற்றோருடன் பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள். புரியாத படிவத்தில் கையெழுத்து வைப்பதுதான் நம் பெரியவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு. பில் நியாயமில்லை என்று தோன்றினால் ஒழுங்குசபையிடம் கட்டண இணக்கம் கோர உங்களுக்கு உரிமை உண்டு. பில் கிடைத்தவுடன் தாமதிக்காமல் எழுதுங்கள்.

செய்யும் வரிசையும் எளிது. முதலில் சூத்தையையும் முரசு நோயையும் தீர்த்துச் சுத்திகரியுங்கள்; இதற்குக் காப்புறுதியோ அரச திட்டமோ கைகொடுக்கக்கூடும். அதன்பின் தேவையானால் வெண்மையாக்குங்கள். அடுத்து உடைந்த மூலையைக் கொம்பசிட்டால் கட்டிப் பாருங்கள். பலருக்கு இவ்வளவிலேயே, ஆயிரம் டொலர் அளவில், மனம் நிறைந்துவிடும். அப்படி நிறையாதவர்கள் வெனியருக்கும் கிரவுனுக்கும் அடுத்ததாகப் போகலாம். அதற்குள் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.